வாளியில் ஊற்றுவதற்கு முன்

பெரிய கட்டடங்களின் துப்புரவுப் பிரிவில் நெடுங்காலம் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். அந்த வேலையில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று யாரேனும் கேட்டால், கழிவறையையோ ஈரத் தரையையோ காட்டமாட்டேன். ரசாயனக் கேன்கள் அடுக்கியிருக்கும் சிறிய அறையைத்தான் காட்டுவேன். ஒரு ஷிப்டில் பணியாளர் அந்த அறைக்குள் நிற்பது சில நிமிடங்களே. கேனைத் திறப்பது, அளப்பது, தண்ணீரில் கலப்பது, சிறு புட்டிகளில் நிரப்புவது, மூடி வைப்பது என எல்லாம் அதற்குள் முடிந்துவிடும். ஆனால் கையில் வெந்த புண்ணோடும், கண்ணைப் பொத்திக்கொண்டும் என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த அறையிலிருந்துதான் வந்தார்கள்.

அந்த வேலையை நாம் யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் நாளே "போய் மருந்து கலந்து வை" என்று சொல்வது பல இடங்களில் உள்ள வழக்கம். தரை தேய்க்கும் இயந்திரத்தைத் தொடுவதற்குப் பயிற்சி உண்டு, ஏணியில் ஏறுவதற்கு அனுமதி உண்டு. அடர் ரசாயனத்தை ஊற்றுவதற்கு மட்டும் "பார்த்து ஊற்று" என்ற இரண்டு சொற்கள் போதும் என்று விட்டுவிடுகிறோம். என் கட்சி இதுதான்: கவனமாக இருக்கச் சொல்வது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. கவனம் என்றைக்காவது பிசகும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு செய்து வைப்பதுதான் ஏற்பாடு.

கேனில் இருக்கும் திரவமும் தரையில் படும் திரவமும் பெயரளவில்தான் ஒன்று. ஒரு பங்கு மருந்துக்கு நூறு பங்கு தண்ணீர் என்று கலந்த பிறகு தோலில் பட்டாலும் பெரிதாக ஒன்றும் செய்யாத பொருள், கேனில் இருக்கும் நிலையில் தோலை அரித்துவிடக்கூடும். கார, அமிலத் தன்மையைக் குறிக்கும் பி.எச். எண்ணில் 10-க்கும் 13-க்கும் இடையே மூன்றே எண்கள்தான் வித்தியாசம். காரத்தின் செறிவிலோ அது ஆயிரம் மடங்கு. வீடுகளில் புழங்கும் ஹைப்போகுளோரைட் பிளீச் 3 முதல் 6 சதவீதம் வரை இருக்கும் என்றால், நிறுவனங்களுக்குக் கேன்களில் வருவது 10 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். வீட்டில் பிளீச்சைக் கையாண்டு பழகியவர் அதே பழக்கத்தோடு இந்தக் கேனைத் திறப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. விற்பனைப் பிரதிநிதி "இது பாதுகாப்பானது" என்று சொல்லும்போது அவர் பெரும்பாலும் நீர்த்த கரைசலைப் பற்றித்தான் பேசுகிறார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் அழுக்கு நன்றாகப் போகும் என்ற நம்பிக்கையை ஒழிப்பது எளிதல்ல. சாதாரணப் பரப்புகளைக் கிருமி நீக்கம் செய்ய 0.1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலே போதும் என்றும், இரத்தம் போன்றவை பெருமளவில் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 10 சதவீதக் கேனிலிருந்து முதலாவதைத் தயாரிக்க ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு ஊற்றினால் முடிந்தது. கைக்கணக்கில் ஒரு மக் ஊற்றுபவர் இதைப் பத்து மடங்காக்கிவிடுகிறார். கிருமிகள் பத்து மடங்கு கூடுதலாகச் சாவதில்லை, ஊற்றுபவரின் மூச்சில் கலக்கும் நெடிதான் கூடுகிறது. தரை கழுவும் சோப்புத் திரவத்தில் அளவு மிஞ்சினால், காய்ந்த பிறகு பிசுபிசுப்பாக ஒரு படலம் தங்கி, அதில் அழுக்கு இன்னும் வேகமாக ஒட்டும். தரை கறுக்கிறது என்று மறுநாள் இன்னும் கூடுதலாக ஊற்றுவார்கள்.

இருபது லிட்டர் கேனிலிருந்து வாளிக்கு ஊற்றும் அந்த ஒரு செயலைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நிரம்பிய கேனின் எடை இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். அடர்ந்த காரக் கரைசலாக இருந்தால் அது இன்னும் கனக்கும். இடுப்பளவு உயரத்தில் அதைத் தூக்கிச் சாய்க்கும்போது, வாய்ப்பகுதி கீழ்ப்பக்கமாக அமையும்படி பிடித்தால் திரவம் வாயை முழுவதும் அடைத்துக்கொண்டு வரும். உள்ளே காற்று போக வழியில்லாமல் "களக் களக்" என்று விட்டு விட்டுக் கொட்டும். ஒவ்வொரு முறை காற்றை இழுக்கும்போதும் துளிகள் தெறிக்கின்றன, குனிந்து வாளியின் அளவைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகத்துக்கும் வாளிக்கும் இடையே ஒரு முழ தூரம்கூட இருக்காது. அதே கேனைத் திருப்பிப் பிடித்து, வாய்ப்பகுதி மேல்விளிம்பில் இருக்கும்படி சாய்த்தால் காற்று தாராளமாக உள்ளே போகும், திரவமும் சீராக விழும். பல ஆண்டுகள் அனுபவம் உள்ளவர்களுக்குக்கூட இது தெரிவதில்லை, யாரும் சொல்லிக் கொடுக்காததால்தான்.

பிளீச் கேனுக்கு வேறொரு குணம் உண்டு. ஹைப்போகுளோரைட் தானாகவே மெல்ல மெல்லச் சிதைந்து ஆக்சிஜனை வெளிவிடும். வெயிலும் வெப்பமும் இருந்தால் அது வேகமெடுக்கும். அதனால்தான் காற்றை வெளியே விடும் சிறு துளையுள்ள மூடியோடு அந்தக் கேன்கள் வருகின்றன. மூடி தொலைந்துபோய், வேறொரு கேனின் இறுக்கமான மூடியைப் போட்டு வைத்தால், பக்கங்கள் புடைத்துக்கொண்டு நிற்கும். திறந்தவுடன் முகத்தை நோக்கிப் பீச்சி அடிக்கும். காஸ்டிக் சோடா செதில்களாகவோ தூளாகவோ வரும் இடங்களில் கதை வேறு. அது தண்ணீரில் கரையும்போது கடும் வெப்பத்தை வெளியிடும். எனவே தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்; காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் அந்த இடத்திலேயே கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் கலந்தால் ஹைட்ரஜன் வாயு வெளியாகும், பக்கத்தில் தீப்பொறி ஏதும் இருந்தால் அது பற்றிக்கொள்ளும்.

அமிலம் என்றால் அஞ்சுகிறவர்கள் காரத்தைச் சோப்பு மாதிரி நினைத்துவிடுகிறார்கள், காரணம் தொட்டால் அது வழுவழுப்பாக இருப்பதுதான். அந்த வழுவழுப்பு, தோலிலுள்ள கொழுப்பையே காரம் சோப்பாக்கிக்கொண்டிருப்பதால் வருவது. அமிலம் பட்ட இடத்தில் திசுக்களின் புரதம் உறைந்து ஒரு பொருக்குக் கட்டும், அது அமிலம் மேலும் உள்ளே இறங்குவதை ஓரளவுக்காவது தடுக்கும். காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டே ஆழமாகப் போகும், தொடக்கத்தில் வலியும் குறைவாகவே இருக்கலாம். கண்ணில் பட்டால் காரம் அமிலத்தைவிடக் கொடியது என்பதை அடுப்பு, எண்ணெய்ப்பிசுக்கு நீக்கிகளையும், பாத்திரம் கழுவும் இயந்திரங்களுக்கான சோப்புத் திரவங்களையும், அடைப்பு நீக்கிகளையும் கையாள்கிறவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

கண்ணில் தெறித்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே: உடனடியாக, ஓடும் தண்ணீரில், விடாமல் கழுவுவது. கண் கழுவும் சாதனங்களுக்கென அமெரிக்காவில் வகுக்கப்பட்டு வேறு பல நாடுகளிலும் பின்பற்றப்படும் தரநிலை, அந்தச் சாதனம் பத்து விநாடி நடையில் எட்டும்படி இருக்க வேண்டும் என்றும், குறைந்தது 15 நிமிடங்கள் தொடர்ந்து தண்ணீர் தர வேண்டும் என்றும் சொல்கிறது. பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளமானது என்பது தண்ணீருக்கடியில் கண்ணைத் திறந்து வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எரிச்சலில் இமைகள் தாமாகவே இறுக மூடிக்கொள்ளும், ஆகவே இன்னொருவர் பக்கத்தில் நின்று இமைகளை விலக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு நிமிடத்தில் எரிச்சல் சற்றுத் தணிந்தவுடன் பாதிக்கப்பட்டவரே "போதும்" என்று எழுந்துவிடுவார், அப்போது விடக்கூடாது. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே அதை எடுத்துவிட்டுக் கழுவலைத் தொடர வேண்டும். காரம் பட்ட இடத்தில் வினிகரை ஊற்றிச் சமன் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கவே வேண்டாம். அந்த வினையில் உண்டாகும் வெப்பம் புண்ணை இன்னும் மோசமாக்கக்கூடும், தண்ணீர் ஊற்ற வேண்டிய பொன்னான நேரமும் வீணாகும்.

ஒரே ஒரு பொருளைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். சில துரு நீக்கிகளிலும், செங்கல், கல் முகப்புகளைக் கழுவும் திரவங்களிலும், வாகனச் சக்கரங்களைத் துலக்கும் திரவங்களிலும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதை உண்டாக்கும் ஃபுளோரைடு உப்புகளோ இருக்கும். நீர்த்த நிலையில் இது தோலில் படும்போது வலி பல மணி நேரம் கழித்தே தொடங்கலாம். அதற்குள் ஃபுளோரைடு அயனிகள் உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்கின்றன. அடர்ந்த நிலையில், உள்ளங்கை அளவு இடத்தில் பட்டால்கூட இதயத் துடிப்பைக் குலைத்து உயிரை வாங்கக்கூடும். தண்ணீரில் கழுவுவதோடு கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவுவதும், தாமதமின்றி மருத்துவமனைக்குப் போவதும் இதற்கு அவசியம். அந்த ஜெல் கைவசம் இல்லாத இடத்தில் இத்தகைய பொருளை வாங்கி வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. துருவை நீக்க இதைவிடச் சாதுவான அமிலங்கள் இருக்கின்றன.

இனி, கலப்பு. ஹைப்போகுளோரைட்டோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிவரும். அமோனியா சேர்ந்தால் குளோரமின்கள் என்னும் நச்சு வாயுக்கள் வரும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஆயுதமாகத் திறந்துவிடப்பட்ட அதே குளோரின்தான் கழிவறைக் கோப்பைக்குள்ளும் உண்டாகிறது. அது காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது என்பதால் மேலே எழாமல் தாழ்வாகவே தங்கும். கோப்பையின் முன் முழங்காலிட்டுத் தேய்ப்பவரின் முகமும் அங்கேதான் இருக்கிறது. வேண்டுமென்றே இரண்டையும் கலப்பவர்கள் குறைவு. உப்புக்கறை போக அமிலம் ஊற்றி, சரியாகக் கழுவாமல், கிருமி போக அடுத்தபடியாகப் பிளீச் ஊற்றுவதே வழக்கமாக நடப்பது. ஒருவர் தொடங்கிய வேலையை அடுத்த ஷிப்டுக்காரர் முடிக்கும்போது, முதலாமவர் எதை ஊற்றியிருந்தார் என்பது இரண்டாமவருக்குத் தெரிந்திருக்காது.

2019 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பர்லிங்டன் நகர உணவகம் ஒன்றின் சமையலறையில் நடந்தது இதுதான். உப்புப்படிவு நீக்கும் அமிலத் திரவம் தரையில் சிந்தியிருந்தது. அது தெரியாமல் இன்னொரு பணியாளர் பிளீச் கலந்த துப்புரவுத் திரவத்தை அதே தரையில் பயன்படுத்தினார். திரவம் பச்சை நிறமாகிக் குமிழியிட்டது. மற்றவர்கள் வெளியேறிய நிலையில், அந்த உணவகத்தின் மேலாளர் ரப்பர் தள்ளுகோலால் அந்தக் கலவையைக் கட்டடத்துக்கு வெளியே தள்ள முயன்றார். அவர் உயிரிழந்தார், வேறு பலர் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. இரண்டு பொருள்களும் துப்புரவுக்கென முறையாக வாங்கப்பட்டவை. அந்த மேலாளர் செய்தது பொறுப்புள்ள எவரும் இயல்பாகச் செய்யத் துணியும் செயல். அதனால்தான் முன்கூட்டியே திரும்பத் திரும்பச் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது: வாயு கிளம்பிவிட்டால் சுத்தம் செய்ய யாரும் உள்ளே போகக்கூடாது, வெளியேற வேண்டும், கதவுகளைத் திறந்துவிட வேண்டும், தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். வாயுவைச் சுவாசித்தவர் சிறிது நேரத்தில் தெளிந்துவிட்டாலும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாகாது, ஏனெனில் நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம்.

இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தின் அட்சிசன் நகரில் நடந்ததைப் பார்க்கலாம். ஆலை ஒன்றுக்கு லாரியில் வந்த கந்தக அமிலம், தவறுதலாக ஹைப்போகுளோரைட் தொட்டியின் குழாயில் இணைக்கப்பட்டுவிட்டது. எழுந்த மேகத்தால் 140-க்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி நாடினர். இரண்டு குழாய் வாய்களும் ஒன்றுபோலவே, அருகருகே இருந்தன என்பது விசாரணையில் தெரியவந்தது. ரசாயன அறையில் ஒரே நிறமுள்ள இரண்டு கேன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது நாமும் அதையேதான் செய்கிறோம்.

சிறு புட்டிகளுக்கு மாற்றி நிரப்புவதை நான் கண்ட இடத்திலெல்லாம் தடுத்திருக்கிறேன், அதனால் பலருக்கு என்மேல் கோபமும் உண்டு. தண்ணீர்ப் புட்டியில் நிரப்பிய தெளிந்த திரவம் தண்ணீராகவே தெரியும். 2014-இல் அமெரிக்காவின் யூட்டா மாநில உணவகம் ஒன்றில், காரம் கலந்த தொழில்முறைத் துப்புரவுத் தூள் சர்க்கரை என்ற எண்ணத்தில் சர்க்கரைப் பையில் கொட்டப்பட்டிருந்தது. சில வாரங்கள் கழித்து வேறொருவர் அதை எடுத்துக் குளிர்ந்த தேநீரில் கலந்தார், அதை ஒரே ஒரு மிடறு குடித்த வாடிக்கையாளர் வாயும் தொண்டையும் வெந்து ஆபத்தான நிலைக்குப் போனார். தவறைச் செய்தவரும் அதனால் துன்பப்பட்டவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. மாற்றி நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால், உணவுக்கோ பானத்துக்கோ ஒருபோதும் புழங்காத புட்டியாக, பொருளின் பெயரும் அபாயக் குறியும் அழியாத லேபிளில் ஒட்டப்பட்டதாக இருக்க வேண்டும். மார்க்கர் பேனாவால் எழுதியது முதல் வாரத்திலேயே அழிந்துவிடும்.

இதுவரை சொன்னவை நொடியில் நேரும் விபத்துகள். மெல்ல நேரும் கேட்டை யாரும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதில்லை. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, பல நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. துப்புரவுத் தொழிலில் இருந்த பெண்களுக்கு, ஒரு விநாடியில் வலிந்து வெளிவிடக்கூடிய மூச்சின் அளவு, துப்புரவு வேலை செய்யாத பெண்களைவிட ஆண்டுக்கு 3.9 மில்லிலிட்டர் கூடுதலாகக் குறைந்துவந்தது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒன்றுமில்லை போலத் தோன்றும் இந்த அளவு, இருபது ஆண்டுகளில் படியேறும்போது தெரிந்துவிடும். ஆண்களிடம் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை, ஆனால் அந்த ஆய்வில் துப்புரவுத் தொழிலில் இருந்த ஆண்கள் மிகச் சிலரே. கிருமிநாசினிகளில் உள்ள நான்கிணைய அமோனியச் சேர்மங்களும், மருத்துவக் கருவிகளைத் தூய்மை செய்யப் பயன்பட்ட குளூட்டரால்டிஹைடும் தொழில்வழி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை. வார இறுதியில் தணிந்து, வேலைக்குத் திரும்பியதும் தலைகாட்டும் இருமலைச் சளி என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் தொழிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெளிப்பானில் பீய்ச்சுவதைவிடத் துணியில் ஊற்றித் துடைத்தால் மூச்சில் போகும் அளவு வெகுவாகக் குறைகிறது. செலவே இல்லாத இந்த மாற்றத்தை ஏன் எல்லோரும் செய்வதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கையுறையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, ஆனால் அதை முதலில் வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. கையுறையும் கண்ணாடியும் மற்ற எல்லாம் தவறிய பிறகு நிற்கும் கடைசித் தடுப்பு. பரிசோதனைக்கு மருத்துவர்கள் அணியும் மெல்லிய கையுறை அடர் ரசாயனத்துக்கு உதவாது; ஒவ்வொரு ரசாயனமும் ஒவ்வொரு பொருளையும் ஊடுருவ ஒரு நேரம் எடுத்துக்கொள்கிறது, பிசுக்கு நீக்கிகளில் உள்ள பியூட்டாக்ஸி எத்தனால் போன்ற கரைப்பான்கள் கையுறையைக் கடந்து தோல் வழியாகவே உடலுக்குள் போகக்கூடியவை. மணிக்கட்டைத் தாண்டி முன்கை வரை நீளும் தடித்த நைட்ரைல் கையுறை பெரும்பாலான வேலைகளுக்குப் பொருந்தும், ஆனால் எந்தப் பொருளுக்கு எது என்பதை, அந்த ரசாயனத்தின் ஆபத்துகளையும் பாதுகாப்பு முறைகளையும் சொல்லும் தரவுத் தாளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தலைக்கு மேலே உள்ள பரப்பைத் துடைக்கும்போது கையுறையின் விளிம்பை வெளிப்புறமாக மடித்துவிட்டால் வழியும் திரவம் அந்த மடிப்பில் தேங்கும், கைக்குள் இறங்காது. உள்ளே ஒரு துளி புகுந்த கையுறை, கையுறையே போடாததைவிட மோசமானது, ஏனெனில் அது அந்தத் துளியைத் தோலோடு அழுத்தி வைத்துக்கொண்டிருக்கும். துணி முகக்கவசமும் அறுவைச் சிகிச்சை முகக்கவசமும் வாயுவைத் தடுப்பதே இல்லை.

அப்படியானால் முதலில் செய்ய வேண்டியது என்ன? மனிதர் ஊற்றுவதையே இல்லாமல் ஆக்குவது. கேனோடு நேரடியாக இணைந்து, குழாய்த் தண்ணீரின் அழுத்தத்திலேயே மருந்தை அளவாக உறிஞ்சிக் கலந்து தரும் சுவர்க் கலப்பான்கள் பல காலமாகச் சந்தையில் உள்ளன. அதைப் பொருத்திய இடத்தில் பணியாளர் ஒரு பொத்தானை அழுத்துகிறார், அடர் திரவத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அளவு மிஞ்சுவது நின்றுபோவதால் மருந்துச் செலவும் குறையும், நிர்வாகத்தை மசிய வைக்க இந்த வாதம்தான் எனக்கு உதவியது. அது முடியாத இடத்தில், கேனின் வாயில் திருகிப் பொருத்தும் கைப் பம்பாவது வேண்டும். அமிலங்களையும் பிளீச்சையும் ஒரே அலமாரியில் வைக்காமல், தனித்தனித் தட்டங்களில், கசிந்தாலும் ஒன்றோடொன்று சேராதபடி வைக்க வேண்டும். எந்தக் கேனும் தோள் உயரத்துக்கு மேல் இருக்கக்கூடாது.

தரவுத் தாள் என்று மேலே குறிப்பிட்டேன். 2003-இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட, ரசாயனங்களுக்கான உலகளாவிய வகைப்பாட்டு முறைப்படி, அது 16 பிரிவுகள் கொண்டது. துப்புரவுப் பணியாளருக்கு அவசரத்தில் வேண்டியவை மூன்று: முதலுதவியைச் சொல்லும் நான்காம் பிரிவு, பாதுகாப்புச் சாதனங்களைச் சொல்லும் எட்டாம் பிரிவு, எதனோடு எது சேரக்கூடாது என்று சொல்லும் பத்தாம் பிரிவு. இவை பெரும்பாலும் மேலாளரின் அலுவலகத்தில், கோப்பில், பணியாளருக்குத் தெரியாத மொழியில் உறங்கும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1990-ஆம் ஆண்டு ரசாயனப் பொருள்கள் உடன்படிக்கை, தாம் கையாளும் பொருளைப் பற்றி அறியும் உரிமையையும், உடனடியான கடும் ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையையும் தொழிலாளருக்கு அளிக்கிறது. அந்த மூன்று பிரிவுகளை மட்டும் பணியாளரின் மொழியில் ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, ரசாயன அறையின் கதவில் ஒட்டுவதற்கு அரை நாள் ஆகும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் குறியீட்டுப் படங்களை வாயால் விளக்க வேண்டும். திரவம் சொட்டிக் கையை அரிப்பதாக வரைந்துள்ள படத்தை ஒருமுறை காட்டினால் யாரும் மறப்பதில்லை.

கடைசியாகக் காலிக் கேன். தீர்ந்துபோன கேனின் அடியில் எப்போதும் ஒரு சிறு அளவு மருந்து தங்கியிருக்கும், அது இன்னும் அடர் நிலையில்தான் இருக்கிறது. உறுதியான பிளாஸ்டிக் என்பதால் தண்ணீர் பிடித்து வைக்க வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்பார்கள். மறுப்பதற்குச் சங்கடமாக இருக்கும், ஆனால் மறுத்தே ஆக வேண்டும். தரவுத் தாளில் கழுவல் நீரை எப்படி அப்புறப்படுத்தச் சொல்லியிருக்கிறதோ அப்படியே செய்து, லேபிளைக் கிழிக்காமல் விட்டு, மூடியைத் தனியே எடுத்து, கேனில் இரண்டு இடங்களில் ஓட்டை போட்ட பிறகே அதைக் கழிவுக்கு அனுப்ப வேண்டும்.